செருப்புக்கு அடியில் எட்டணா

வெயிலில் கிடந்த காசை எடுத்தால் கை சுடும். காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கிய கரிசல் காடு வெடித்துக் கிடக்கிற கோடை நாட்களில், வண்டிப்பாதைப் புழுதியில் கிடக்கும் ஐந்து பைசாவை அப்படியே உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ள முடியாது. பாவாடை நுனியால் பிடித்து, ஊதி ஊதி ஆற்றி, அதற்குள் யாராவது வருகிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்து, பிறகுதான் முடிந்துகொள்ள வேண்டும். சூட்டுக்கு நான் பயந்ததில்லை. யாராவது பார்த்துவிடுவார்களே என்பதுதான் பயம், ஏனென்றால் கீழே கிடக்கும் காசை எடுப்பது எங்கள் வீட்டில் திருட்டை விடப் பெரிய குற்றம்.

காசு காலில் பட்டால் அது "லச்சுமி". தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்கள் அதற்கும் குனியாமல், நின்றபடியே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அந்த லச்சுமியையே ஒரு பிள்ளை கையில் எடுத்துவிட்டால் அவள் "பொறுக்கி". ஒருமுறை என் முடிச்சை அவிழ்த்துப் பார்த்த அம்மா, "பொறுக்கித் திங்கிற குடும்பமாடி நம்ம?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அந்த வாரம் முழுக்க நாங்கள் தின்றது கம்பங்கூழும் வெங்காயமும்தான், அதுவும் ஒரு வேளைக்கு.

எங்கள் பக்கத்தில் அப்பாவை "அய்யா" என்போம். பாலவனத்தத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர்; அதில் பாதிக் காடு என் அய்யாவின் பெயரில் இருந்தது. மழைதான் யார் பெயரிலும் இல்லை. அறுபதுகளின் நடுவில் அது தொடர்ந்து பொய்த்தபோது தானியக் குதிர் காலியானது, மாடுகள் போயின, அய்யாவின் வேட்டி மட்டும் வெள்ளை குறையாமல் இருந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, தோல் செருப்பு கிறீச்சிட, எதிரே வருகிறவர் முதலில் கும்பிடட்டும் என்பதுபோல நடப்பார். "குனிஞ்சாப் போச்சு, அப்புறம் எவனும் மதிக்க மாட்டான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

எனக்கு அந்த வயதிலேயே இது பிடிபடவில்லை. பருத்தி எடுக்கக் குனிகிறோம், கடலை ஆயக் குனிகிறோம், வேப்பமுத்தும் கருவேலங்காயும் பொறுக்கப் பொழுது முழுக்கக் குனிகிறோம், வாசல் கூட்டவும் சாணி அள்ளவும் குனிகிறோம். இத்தனைக்கும் குனிகிறவர்கள் அம்மாவும் அக்காவும் நானும். குனியாமலே மதிப்பைக் காப்பாற்றுகிறவர் அய்யா. எங்கள் முதுகு வளைந்தால் போகாத மதிப்பு, ஒரு காசுக்கு வளைந்தால் மட்டும் எப்படிப் போகும்? கேட்டால் வாய் நீளம் என்பார்கள். நீளம்தான்.

ஐந்தாவது முடித்த அந்த வருஷம், என்னை அருப்புக்கோட்டைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அய்யா இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக் கடைசி நாளன்றுதான் கிளம்பினார். மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் பெயர் எழுத மாட்டார்கள். "அடுத்த வருஷம் பாப்பம்" என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் அக்காவின் படிப்பை முடித்து, திருச்சுழிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள்.

அய்யாவின் மடியில் பள்ளிக்கூடத்துக்கு அளந்து வைத்த ஒரு பத்து ரூபாய் நோட்டும், பஸ்ஸுக்கு ஓர் எட்டணாவும் இருந்தன. திரும்பி வர ஊர் வண்டி ஒன்று சந்தையில் காத்திருக்கும். நோட்டை மாற்றினால் பள்ளிக்கூடத்தில் குறையும். ஆக, அந்த எட்டணாவை நம்பித்தான் நாங்கள் பாலவனத்தம் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு பலசரக்குக் கடை எதிரில் நின்றோம்.

கடைக்கார அண்ணாச்சியின் தகப்பனார் ஒரு காலத்தில் எங்கள் களத்துக்கு வந்து நின்றுகொண்டே பருத்தி விலை பேசிப் போனவர். இப்போது அண்ணாச்சிக்கு மாடி வீடு. அவர் கீழே விழுந்த ஒரு பருப்பைக்கூட விடமாட்டார்; காசு விழுந்தால் நாலு பேர் பார்க்க மண்டி போட்டுத் தேடி, கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுவார். "நாலணாவுக்கு முதுக ஒடிக்கிறான் பாரு" என்று அய்யா வீட்டில் வந்து சிரிப்பார். சிரித்தவர் வீட்டில் காடு குறைந்தது, குனிந்தவர் வீட்டில் மாடி ஏறியது. இதை நான் அன்றே கணக்குப் போட்டிருந்தேன்.

"என்ன மொதலாளி, டவுனுக்கா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி, மகளைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அய்யா மடியை அவிழ்த்தார். எட்டணா நழுவி மண்ணில் விழுந்தது. நான் பார்த்தேன். அய்யாவும் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் செருப்புக் காலை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, மேற்கே வானத்தைப் பார்த்தபடி, "மழை வாரது போலத்தான் இருக்கு" என்றார். ஒரு பொட்டு மேகம் கிடையாது. கால் தவறிப் பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிற மனிதர், லச்சுமியின்மேல் முழு உடம்பையும் ஏற்றிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி உள்ளே திரும்பட்டும் என்று அவர் காத்திருக்க, அண்ணாச்சியோ திரும்புகிற வழியாக இல்லை.

பஸ் வந்துவிட்டது. "அருப்புக்கோட்டை, ஏறு ஏறு" என்றார் கண்டக்டர். அய்யா அசையவில்லை.

"கூட்டமா இருக்கு. அடுத்ததுல போவம்" என்றார்.

பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்தான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். எனக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான், அப்படியே மண்ணில் உட்கார்ந்து அய்யாவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் அழுத்தினார். நான் பெருவிரலைப் பிடித்து மடக்கினேன். கால் லேசாக எழும்பியது. நகத்தால் மண்ணைக் கிளறிக் காசை எடுத்தேன். இத்தனை நேரம் செருப்புக்கு அடியில் இருந்ததால் அது சுடவில்லை.

நிமிர்ந்தபோது எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாவின் முகம் செத்துப்போயிருந்தது. அப்போது அண்ணாச்சி சத்தமாகச் சொன்னார்: "பாருங்கய்யா, படிக்கப் போகையில தகப்பன் காலத் தொட்டுக் கும்பிடுது பிள்ள. வளப்புன்னா இது வளப்பு!" காசு கீழே விழுந்தால் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், அய்யாவின் மானத்தைக் காப்பாற்ற. நல்ல மனிதர்தான். ஆனால் என் காரியத்தை எடுத்து அய்யாவுக்கு மாலையாகப் போட்டுவிட்டார்.

பஸ்ஸில் அய்யா, "காசக் குடு" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "அருப்புக்கோட்டை, ஒண்ணரை" என்று நானே கண்டக்டரிடம் நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதினார்கள்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதைதான். "அந்தக் காலத்துப் பிள்ளைக, அய்யா காலத் தொட்டுக் கும்பிட்டுத்தான் பஸ்ஸே ஏறுச்சு." நான் படித்தது, தபால் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தது, எல்லாம் அந்தக் கும்பிடின் பலன். அய்யாவும் மறுத்ததில்லை. அவர் கருமாதியன்று மாமா மறுபடி அதை எடுத்தார், பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் கும்பிடல மாமா. அய்யா கால்ல மிதிச்சு வச்சிருந்த எட்டணாவ எடுத்தேன்" என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "தெரியும்டி. உங்கய்யா அன்னைக்கே சொல்லிட்டாக. ‘நமக்காகக் குனியிறதுக்கு ஒரு பிள்ள இருக்கு’ன்னு சொன்னாக."

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அய்யாவுக்காக அழுதேன், கோபத்தை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

எட்டணா இப்போது இல்லை; கொடுத்தால் பிச்சைக்காரர்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அண்ணாச்சியின் கடையும் அந்தப் புழுதியும் அகலமான தார் ரோட்டுக்குள் போய்விட்டன. டீக்கடையில்கூடப் போனைக் காட்டிக் காசு கொடுக்கிறார்கள், விழுவதற்கே காசு குறைந்துவிட்டது. அப்படியும் எப்போதாவது ஒரு ரூபாய் கண்ணில் பட்டால், முட்டி வலியோடு, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிகிறேன். "ஒரு ரூபாய்க்குப் போயா அத்தே? மானத்த வாங்குறீங்களே" என்கிறாள் மருமகள். குனிந்ததால் போகிற மானம் என்னிடம் இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எந்தக் கும்பிடும் அல்ல, மண்ணில் கிடந்த எட்டணா. அதை எடுத்தவள் நான்.