பொத்தான் உங்கள் கையில்

என் மகள் படிக்கும் பல்கலைக்கழகம் பூந்தமல்லி தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையில், பெரிய அலங்கார வளைவும் அதற்குப் பின்னால் சின்னச் சின்ன மரக்கன்றுகளுமாக இருக்கிறது. கணினிப் பொறியியல் படிக்கத்தான் அவளை அங்கே சேர்த்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டுமாம். அவள் எடுத்த பாடத்தின் பெயர், விளையாட்டு மற்றும் ஊடாடும் அனுபவ வடிவமைப்பு. பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "கேம் பண்றதுப்பா" என்று முடித்துவிட்டாள்.

அனுபவத்தை வடிவமைக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். இதுவரை எனக்கு வாய்த்த அனுபவங்களில் எதையும் யாரும் உட்கார்ந்து வடிவமைத்ததாகத் தெரியவில்லை. அப்படி வடிவமைத்திருந்தால் என் மேசைக்கு வந்தபோது திருப்பி அனுப்பியிருப்பேன்.

திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். செய்து வரும் பொருளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் சிவப்புச் சீட்டு கட்டுவது. இருபது வருடங்களுக்கு மேலாக இதைச் செய்பவனுக்கு உலகமே சீட்டு கட்டப்படாத பொருளாகத்தான் தெரியும். மகள் வாங்கிய ஸ்கூட்டர், அவள் போகும் சாலை, அந்தச் சாலையில் போகும் தண்ணீர் லாரி, லாரியை ஓட்டுபவர் நேற்றுத் தூங்கினாரா என்பது வரை.

எங்கள் தொழிற்சாலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். மாலையில் ஷிப்ட் முடிந்ததும் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்குவோம். வாங்கிய இடத்திலேயே நின்று பிள்ளைகளுக்கு அடிப்போம். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் எங்களைப் பார்க்க வேண்டும். தர்மபுரிக்காரர், தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், விருதுநகர்க்காரனான நான், அத்தனை பேரும் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு அவரவர் ஊர்த் தமிழில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்போம். எங்கம்மா இருக்க? எங்கடா இருக்க? தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ கூட்டு வழிபாடு என்றுதான் நினைப்பார்கள்.

என் மகள் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "வந்துட்டே இருக்கேன்பா."

பிறகு நான் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒரு தடவை, குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் ஒரு தடவை, வீட்டுப் பால்கனியிலிருந்து சில தடவைகள் அதே கேள்வியைக் கேட்பேன். பக்கத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி அப்போது பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பாள். "அவ வண்டி ஓட்டணுமா, உங்ககிட்ட பேசணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்பாள், தலையைத் தூக்காமல்.

பிரச்சினை பெங்களூரிலிருந்து வந்தது. விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று மகளை ஆறு மாதப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. அங்கேயே தங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது மரியாதையா மிரட்டலா என்று எனக்கு இன்றும் தெரியாது. சரி என்று சொல்வதாக எனக்கு உத்தேசம் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர்கள் வகுப்பின் கண்காட்சி. பெற்றோர் வர வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்த பிறகு 'வேண்டாம்' என்றால் கொஞ்சம் எடை கூடும் அல்லவா.

மனைவி வரவில்லை. "நான் வந்தா அங்க நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்க வேண்டியிருக்கும்" என்றாள்.

மேக்கர்ஸ்பேஸ் என்ற இடத்தில்தான் கண்காட்சி. பொருள்கள் செய்யும் இடம் என்று மகள் விளக்கியிருந்ததால் பட்டறை மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். லேத் இருக்கும், வைஸ் இருக்கும், கொஞ்சம் எண்ணெய் வாடையாவது இருக்கும். போனால் குளிரூட்டிய கூடம். தரையில் மூட்டை மூட்டையாக மெத்தை நாற்காலிகள். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கண்ணாடிச் சுவர் முழுக்க மஞ்சள், ரோஸ், பச்சை நிற ஒட்டுச் சீட்டுகள். ஒன்றில் 'ஏன்?' என்று மட்டும் எழுதியிருந்தது. அது எனக்கும் தோன்றியது. மூலையில் ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம், பல்கலைக்கழகச் சின்னம் போட்ட சாவிக்கொத்தை மெதுவாக, மிக மெதுவாக ஈன்றுகொண்டிருந்தது. மற்றபடி எல்லாமே அட்டையும் பசையும்தான். அட்டையை வெட்டி ஒட்டியதற்கு எல்.கே.ஜி.யில் நட்சத்திரம் போடுவார்கள். இங்கே கிரெடிட் போடுகிறார்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம். சீக்கிரம் தோல்வியடை, அடிக்கடி தோல்வியடை. இந்த வாசகத்தை எங்கள் தொழிற்சாலையில் எழுதி வைத்தால் எழுதியவரை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.

பாடம் நடத்தும் ஆசிரியர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அரைக்கால் சட்டையும் குடுமியுமாக வந்து எங்களை வரவேற்றார். பெற்றோர் இங்கே பார்வையாளர்கள் அல்ல, விளையாடுபவர்கள் என்றார். பிறகு ஒரு விதி சொன்னார். ஒருவர் விளையாடும்போது அதை உருவாக்கிய மாணவர் பக்கத்தில் நிற்பார், ஆனால் வாய் திறக்கக் கூடாது. விளையாடுபவர் தப்பாகப் போனாலும் உதவக் கூடாது. திட்டினாலும் பதில் சொல்லக் கூடாது. குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"அப்ப இத்தனை வருஷம் நாங்க வீட்ல இதைத்தான சார் செஞ்சுட்டு இருந்தோம்" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

மகளின் மேசை ஓரத்தில் இருந்தது. நீள அட்டைப் பலகையில் எங்கள் சாலை. சென்னீர்குப்பம், பாரிவாக்கம், பருத்திப்பட்டு ஏரி, கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸ். எங்கள் வீட்டு மாடியைக்கூட அட்டையில் செய்திருந்தாள். கொடியில் என் கட்டம் போட்ட லுங்கி, கைக்குட்டை அளவில். சாலையில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர். மேசைக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முன்னால் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். மேலே ஒரு விளக்கு. அதுதான் சூரியன். திரையில் மூன்று வரிகள்.

உங்கள் மகள் கிளம்பிவிட்டாள். இருட்டுவதற்குள் வீடு வந்து சேர வேண்டும். பொத்தான் உங்கள் கையில்.

மகள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் உட்கார்ந்தேன். ஸ்கூட்டர் நகர்ந்தது. நன்றாகத்தான் நகர்ந்தது. எங்கிருந்தோ லாரி ஹாரன் கேட்டது. பொத்தானை அழுத்தினேன். ஸ்கூட்டர் இடது ஓரம் ஒதுங்கி நின்றது. "வந்துட்டே இருக்கேன்பா" என்றது ஒலிபெருக்கி. என் மகளின் குரல். எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டி மறுபடி கிளம்பியது. மேலே விளக்கு ஒரு படி மங்கியது.

மழைச் சத்தம் கேட்டது. அழுத்தினேன். "வந்துட்டே இருக்கேன்பா." நாய் குரைத்தது. அழுத்தினேன். எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அது அதைவிடப் பயமாக இருந்ததால் அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலில் கொஞ்சம் கொஞ்சமாக எதுவோ குறைந்தது. முதலில் சிரிப்பு போனது. பிறகு 'ப்பா' போனது. பிறகு "வர்றேன்" என்று ஒற்றைச் சொல்.

பக்கத்து மேசைப் பையன், கரையான்சாவடிக்காரன், பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தான். "இன்னா அங்கிள், பட்டனை உடுங்க அங்கிள். பாவம் வண்டி பாரிவாக்கத்துலயே நின்னுகினு கீது."

"நீ பேசக் கூடாதுப்பா. விதி" என்றேன்.

"அது அவ கேம் அங்கிள். நான் பப்ளிக்கு."

மறுபடி அழுத்தினேன். ஸ்கூட்டர் ஓரம் ஒதுங்கி நின்றது. குரல் வரவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. நான் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் காத்திருந்தேன். விளக்கு அணைந்தது. அட்டை வீட்டின் ஜன்னலும் இருட்டாகவே இருந்தது. வண்டி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றுவிட்டது.

வெறும் அட்டை. பசை போட்டு ஒட்டியது. அடியில் ஒரு பெல்ட்டும் மோட்டாரும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த மூச்சுச் சத்தம் இப்போதும் சில நேரம் காதில் விழுகிறது.

திரும்பிப் பார்த்தேன். மகள் விதிப்படி வாய் திறக்கவில்லை.

அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்த மாணவர்கள் எல்லோரும் வண்டியை வீடு சேர்த்தார்கள். இரண்டு தடவை அழுத்திப் பார்த்ததும் அவர்களுக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது. பெற்றோர் ஒருவர் பாக்கியில்லாமல் தோற்றோம். இருட்டில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்து ஒரு அம்மா, "பேட்டரி சரியில்லம்மா" என்றாள். ஒருவர் பொத்தான் பழுது என்றார்.

இல்லை, ஒரே ஒருவர் ஜெயித்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டது. மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து யாரையோ, எதையோ இன்றைக்குள் முடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஸ்கூட்டர் லாரி, மழை, நாய் எல்லாவற்றையும் தாண்டி அழகாக வீட்டுக்கு வந்தது. அட்டை ஜன்னலில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "தேங்க் யூ, தேங்க் யூ" என்றார். எதற்கு என்று அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

எனக்குக் கோபம் வந்தது. விளையாடியவர் குறை சொல்லலாம் என்று ஆசிரியர் அழைத்தபோது முதல் ஆளாகப் போனேன். குறை சொல்லச் சம்பளம் வாங்குபவனிடம் கேட்டால் விடுவேனா?

"உன் விளையாட்டுல நல்ல அப்பா யாரு? பிள்ளைய மறந்துட்டு ஆபீஸ் போன்ல பேசறவரா? கவலைப்படறவன் எல்லாம் தோத்துப் போறான். அக்கறை இல்லாதவன் ஜெயிக்கிறான். இது டிசைன் குறை" என்றேன்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒட்டுச் சீட்டில் எழுதினாள். நான் சொன்னதை எதிர்த்துப் பேசாமல் அவள் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தத் தைரியத்தில் இன்னொன்றும் சொன்னேன்.

"அப்புறம், எனக்குப் பொத்தான் வச்சிருக்க. வண்டியில போற பொண்ணுக்கு எங்க பொத்தான்? அவளா ஒரு தடவை கூப்பிட்டு, அப்பா பாரிவாக்கம் தாண்டிட்டேன்னு சொன்னா இந்த ஆளு ஏன் அழுத்தப் போறான்?"

அவள் எழுதுவதை நிறுத்தினாள். குடுமி ஆசிரியர், "சூப்பர் சார்" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மகளின் முகம்தான் மாறியிருந்தது. கோபமா என்று பார்த்தேன். யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இப்போது போன் தேவையில்லை, வாயே போதும். சென்னீர்குப்பத்தில் "லாரி, லாரி" என்றேன். "பஸ்காரன் ஒடிப்பான் பாரு" என்றேன். பாரிவாக்கத்தில் அவள் வண்டியை இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தினாள். அட்டை ஸ்கூட்டர் நின்ற அதே மாதிரி.

"ப்பா. பட்டன்லருந்து கைய எடுங்க."

டீக்கடை பக்கத்தில் இருந்தது. இரண்டு டீ சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் தூக்கிக்கொண்டு டீ குடித்தாள்.

"நீங்க காலைல கேட்டுக்குள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வர்றீங்க. அதுவரைக்கும் ஒரு போன் கிடையாது. அந்த நேரத்துல எனக்கு என்னைக்காவது என்னமாவது ஆயிருக்கா?"

"இல்ல."

"காலேஜ் போனேன், லேப் போனேன், ஒரு தடவை பாம்புகூட வந்துச்சு ஹாஸ்டல் பக்கம். எல்லாம் அந்த நேரத்துலதான். உங்க ஃபேக்டரி கேட்டுதான்பா என்னைப் பாதி வளர்த்துச்சு."

பாம்பு விஷயம் எனக்கு அதுவரை சொல்லப்படவில்லை. அதைப் பற்றி விசாரிக்கலாம் என்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். ஷிப்ட் நேரத்தில் நான் அவளை நினைப்பதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நல்ல பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டிவிடக் கூடாதே என்ற கவலைதான் அங்கே இருக்கும். போன் கைக்கு வந்த பிறகுதான் பயமும் வந்தது. ஏதோ அதையும் காலையில் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கியது போல.

"திங்கட்கிழமை சரின்னு சொல்லிடு" என்றேன்.

அவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்தாளா என்று தெரியவில்லை. டீக்கு அவளே காசு கொடுத்தாள்.

அவள் பெங்களூர் போய் இரண்டாவது மாதம் நடக்கிறது. போவதற்கு முன் விளையாட்டைத் திருத்திவிட்டாள். இப்போது இரண்டு நாற்காலிகள், இரண்டு பொத்தான்கள். இன்னொன்று வண்டியில் வரும் பெண்ணுக்கு. நான் ஒரு தடவை விளையாடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நீங்கதான் டெய்லி விளையாடுறீங்களேப்பா" என்றாள்.

உண்மைதான். மாலையில் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்குகிறேன். மரத்தடியில் மற்றவர்கள் வழிபாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். நான் திரையைப் பார்க்கிறேன். அவளிடமிருந்து ஒரு தவறிய அழைப்பு இருக்கிறது. தினமும் இருக்கிறது. தினமும் காலை பதினொரு மணி வாக்கில், என் போன் கேட்டின் மரப்பெட்டிக்குள் கிடக்கும், என்னால் எடுத்து 'எங்கம்மா இருக்க?' என்று கேட்கவே முடியாத நேரமாகப் பார்த்து அடித்திருக்கிறாள்.

அவள் பொத்தானை அவள் அழுத்திவிட்டாள். இதுவும் வடிவமைப்புதான் போலிருக்கிறது. குறை கண்டுபிடிக்கலாம் என்று தினமும் அந்த நேரத்தையே பார்த்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறேன். சீட்டு கட்ட இடம் கிடைக்கவில்லை. திருப்பி அடிக்காமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பைக்கு மேலே கையை வைத்தபடி சைக்கிளை எடுக்கப் போகிறேன்.