பந்து பட்ட கண்

எங்கள் தையல் கம்பெனியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். காலரில் ஒரு தையல் விட்டிருந்தால் போதும், சட்டையைக் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். ஏழு வருஷமாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற தையல்காரி நான்.

அவள் புருஷனுக்கு ஒரு கண் செயற்கைக் கண். சின்ன வயசில் பந்து பட்டுப் போய்விட்டது என்று சொல்லித்தான் கல்யாணம் செய்து வைத்தார்கள். அந்த மனுஷனும் பாவம், அதையே நம்பிக்கொண்டிருந்தார்.

பெண் குழந்தை பிறந்த அன்று, குடும்பத்தில் யாருக்காவது குழந்தையிலேயே கண்ணில் கட்டி வந்ததுண்டா என்று நர்ஸ் கேட்டு எழுதினாள். இவள் மயக்கத்தில் கிடந்தாள். பக்கத்தில் இருந்த நாத்தனார், புருஷனுக்கு அக்கா, யாருக்கும் இல்லை என்று கூசாமல் சொன்னாள். நர்ஸும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் மாதம் பால் கொடுக்கும்போது, குழந்தையின் கண்மணிக்குள் வெள்ளையாக ஏதோ மின்னியது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை, பூதக்கண்ணாடிக்குத் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இரண்டு விழித்திரையிலும் கட்டி. ரத்தத்தைச் சோதித்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே மரபணுவில் ஒரே பழுது. அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். முன்பே தெரிந்திருந்தால் பிறந்த வாரமே பார்த்து லேசரில் சுட்டிருப்போம், இரண்டு கண்ணும் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது. வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

பந்தாவது மண்ணாங்கட்டியாவது! தம்பிக்கும் கட்டிக்காகத்தான் கண்ணை எடுத்தார்கள். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயசு, எல்லாம் தெரியும். பச்சைக் குழந்தையின் கண்ணைவிடக் குடும்ப மானம் பெரிதாகப் போய்விட்டது அவளுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் நானும் பார்க்கப் போயிருந்தேன். நாத்தனார் ஒரு பை ஆப்பிளோடு வந்து, இவள் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பந்து பட்டுச்சுன்னே சொல்லிக்கலாம். பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்ல?"

நான் வாயைத் திறக்கப் போனேன். இவள் கையைக் காட்டி என்னை அடக்கினாள். குழந்தையின் இமையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள்:

"நாளைக்கு இவ பெத்துக்கிற புள்ளைக்கும் பந்து படணுமா, அண்ணி?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். அவர் எழுந்து போய், ஆப்பிள் பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்தார்.