மாதேஸ்வரன் அண்ணனின் போனுக்கு வரும் ஓடிபி

ஓடிபி கேட்டு போனில் அழைத்தபோதுதான் மாதேஸ்வரன் அண்ணன் இறந்த செய்தி எனக்குக் கிடைத்தது.

மலையில் வாழவந்தி என்ற ஊர்ப் பெண் ஒருத்தியின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்று கடைசி நாள். ஏற்காட்டில், அண்ணனும் நானும் நடத்திய கணினி மையத்தில் அவள் என் எதிரே நகம் கடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் நெஞ்சுவலி என்று சேலம் போன அண்ணனின் போனுக்குத்தான் ஓடிபி போயிருந்தது. அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார். "அவரு போயிட்டாரு கண்ணு" என்றார். அழுகைக்கு நடுவே அவரே, "ஏதோ நம்பர் வந்திருக்குது, சொல்லட்டுமா?" என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். விண்ணப்பம் போய்விட்டது. அப்படி அடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மையத்துக்கு வந்துபோன உங்களுக்கு அவருடைய குறுக்குவழிகள் தெரியும். காப்பிப் பழம் பறித்துத் தேய்ந்த விரலை ரேகை மெஷின் ஏற்காவிட்டால் சூடான டீ கிளாஸைக் கையில் கொடுப்பார். படத்தின் அளவு பெரிது என்று தளம் திருப்பி அனுப்பினால், அதை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பி இளைக்க வைப்பார். "சர்வரும் சாமியும் ஒண்ணுங்க. கூப்புட்டுட்டே இருக்கோணும், கோவிச்சுக்கக் கூடாது" என்பார். நான் கோபித்துக்கொள்வேன். மவுஸை இரண்டு முறை உடைத்தவள் நான்.

ஆனால் எங்கள் பெரிய சண்டை வேறு. மேலே உள்ள ஊர்களில் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல்; ஏறுவதற்குள் ஓடிபி காலாவதி. அதனால் வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் தன் எண்ணையே பதிந்துவிடுவார்.

"இது தப்புங்கண்ணா. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவங்க எல்லாம் எங்க போவாங்க?" என்று ஒருநாள் கத்தினேன்.

"தப்புத்தான் கண்ணு. அதுக்குன்னு அவங்களை நாலு தடவை பஸ் ஏத்தறது சரியா?" என்றார். நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

இப்போது அந்தப் போன் என்னிடம் இருக்கிறது. இறப்பைத் தெரிவித்தால் எண் நின்றுவிடும். தெரிவிக்காமல் வைத்திருப்பதும் முறையில்லை. எண்ணை மாற்றவும் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைத்தான் கேட்கிறார்கள். யார் யார் என்று அவர் எழுதி வைக்கவில்லை, எல்லாம் மனக்கணக்கு. ஆகவே இதைப் படிப்பவர்களே, அண்ணனிடம் எதையாவது பதிந்திருந்தால் இந்த வாரமே வந்துவிடுங்கள். அந்தப் போன் ஒலிக்கும்போதெல்லாம் யாருடையதோ என்று எனக்குத் திக்கென்கிறது.

நேற்று வாழவந்தியிலிருந்து ஒரு பெரியவர் ஓய்வூதியத்துக்கு எண் மாற்ற வந்தார். சொந்த எண் ஏன் வேண்டும் என்று அண்ணனிடம் செய்த அதே பிரசங்கத்தை அவரிடமும் செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரி சாமி. ஆனா எங்கூட்டுப் பக்கம் டவரே நொம்பக் கம்மி. நான் என்ன பண்ணட்டும்?"

திரையில் ஓடிபிக்கான நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. அண்ணனிடமிருந்து அவருடைய பொறுமையை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அது எனக்கு வரவில்லை. வந்து சேர்ந்தது அவருடைய தப்புதான். பெரியவரின் பெயருக்கு நேரே என் எண்ணை அடித்தேன்.