கோடிச் சட்டைக்கு அளவு

அன்று கடையில் இருந்தவர்கள். நான். திருமங்கலத்துப் பக்கம் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா. தம்பி சம்சாரம். தம்பியோடு ஒத்தக்கடைக் காலேஜில் ஒன்றாகப் படித்த கூட்டாளி, பாய் வீட்டுப் பிள்ளை. தம்பி இல்லை. அவன் போய் வருசம் ஆகப்போகிறது.

காளவாசலில் எனக்குத் தையல் கடை. அவனுக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும். அதற்காகத்தான் கூடியிருந்தோம்.

முதல் வருசத் திதிக்குப் படத்துக்கு முன்னால் கோடித் துணி வைப்பது எங்களில் வழக்கம். கும்பிட்டு முடித்ததும் வீட்டு ஆண்களில் ஒருவர் அதை உடுத்துவார். அதனால் உடுத்தப்போகிறவர் அளவுக்கே கடையில் வாங்கிவிடுவார்கள். யாரும் குறை சொல்வதில்லை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"அவென் அளவுக்குத் தைப்பா. நல்லா இருந்தான்ல, அந்த அளவுக்கு."

தைக்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். என்னிடம் அளவு இல்லை. காரியம் முடிந்த அன்றே அவன் உடுப்பை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டோம். வீட்டில் வைக்கக் கூடாது. அளவுச் சட்டை என்று ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். அன்று தோன்றவில்லை.

என் கைக்குத் தெரிந்தது அவனுடைய கடைசி அளவு மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நடுவில் வீட்டுக்கு வந்திருந்தான். மச்சினன் கல்யாணத்துக்குச் சட்டை வேண்டும் என்று கடைக்கு வந்து நின்றான். மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன். முனை எங்கேயோ போய் நின்றது. அவனும் குனிந்து பார்த்தான்.

"டேப்பு இழுபட்டுப்போச்சு போல. புதுசு ஒண்ணு வாங்குண்ணே."

முப்பத்து மூன்று. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று எப்போது யோசித்தாலும் இந்த எண்தான் வந்து நிற்கும். வேறு வராது.

கடைக்கு வருகிறவர்கள் அளவெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தது. அவன் செய்து கொடுத்த புரோகிராம். நான் ஐந்தாவதோடு நின்றவன், இங்கிலீஷ் வாசிக்க வராது. அதனால் எல்லாவற்றையும் தமிழில் வைத்தான். திறந்ததும் "யாருக்கு?" என்று கேட்கும். பெயரை அடித்தால் அளவு வரும். ஆளுக்கு ஒரு அளவுதான். புதிதாக எடுத்தால் பழையதன் மேலேயே போட வேண்டும். பழையதும் இருக்கட்டுமே என்று நான் கேட்டதுண்டு. ஆள் பெருத்த பிறகு பழைய அளவை வைத்து என்ன செய்வது என்றான். தன் முப்பத்து மூன்றையும் அவனே உட்கார்ந்து அடித்தான். பழையதன் மேலே.

அவன் போன பிறகு கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்து தம்பி செய்ததையும் அளவுகளையும் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் எடுத்துப் புதுசாக ஏற்றினார். ஓட்டம் பிடித்தது. தம்பி செய்தது மட்டும் திறக்கவில்லை. சிவப்பில் இங்கிலீஷ் வரும், நின்றுவிடும். அவரும் பார்த்தார். முடியவில்லை. இதைவிட நல்லதாகக் கடையில் விற்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் ஒரு வெட்டுத் துணியைப் போட்டுக் கம்ப்யூட்டரை மூடி வைத்தேன். வருகிறவர்களுக்குப் புதிதாக அளவெடுத்துச் சீட்டில் குறித்துக்கொண்டேன்.

திதி நெருங்கியதும்தான் கூட்டாளிக்குப் போன் போட்டேன். பெங்களூரில் வேலை. லீவில் வந்திருந்தவன் வாரேண்ணே என்றான், வந்தான்.

மூடியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். சிவப்பு எழுத்தை வாசித்தான். அளவையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிற பீரோ மாதிரி உள்ளே ஒன்று இருக்கிறது, அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர், தம்பி முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறான். ரிப்பேர்க்காரர் வைத்தது அதன் புது வெர்ஷன். தம்பி செய்த புரோகிராமுக்குப் பழைய வெர்ஷன்தான் வேண்டுமாம்.

"மாப்ள பழசைப் புடிச்சா விட மாட்டான். காலேஜ் முடியிறவரைக்கும் ஒரே செருப்பு" என்றான். தம்பி சம்சாரம் சிரித்தது. அந்த வருசத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

பழையதை ஏற்றப் பார்த்தான். ஏற்கெனவே புதுசு இருக்கிறது, ஏற மாட்டேன் என்றது. புதுசை எடுத்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மறுபடி அதே பேச்சு. எடுத்த பிறகும் மிச்சம் சொச்சம் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி அழித்தான். தையலைப் பிரித்த பிறகு நூல் பொறுக்குவது மாதிரிதான். அம்மா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. டீ வந்தது, ஆறிப்போனது. மத்தியானத்துக்கு மேல் பழையது ஏறிவிட்டது.

ஏறியும் பிரயோஜனமில்லை. அளவுகள் இருக்கிற ஃபைலைக் கொடுத்தால் திறக்க மாட்டேன் என்றது. ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்த அன்றைக்கே, புது வெர்ஷன் அந்த ஃபைலைத் தன் தோதுக்கு மாற்றி வைத்துவிட்டதாம். இனிப் பழையதற்குத் திரும்பாது.

"உள்ள துணி விடாம வெட்டிட்டாங்கண்ணே" என்றான். எனக்கு விளங்கிவிட்டது. உள்ளே துணி விட்டிருந்தால்தான் பிரித்துத் தளர்த்தலாம்.

அவன் லேப்டாப்பில் புது வெர்ஷன் இருந்தது. அதில் போட்டுப் பார்ப்போம் என்றான். திறந்தது. கட்டம் கட்டமாக எல்லோர் அளவும் வந்தது. தம்பி பெயரைத் தேடிக் காட்டினான். முப்பத்து மூன்று. எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் வேறு எண் வந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எவ்வளவு போட்டிருக்கிறது என்று அம்மா கேட்டது. சொன்னேன்.

"அது அவென் இல்ல" என்றது அம்மா.

தம்பி சம்சாரம் தலையைத் தூக்கவில்லை. அந்த உடம்பைக் குளிப்பாட்டித் துடைத்தது அதுதான். வெளியே பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே போனான். கூட்டாளி லேப்டாப்பை மூடவும் இல்லை, மேலே எதையும் தொடவும் இல்லை. வேறு எங்கேயாவது காப்பி எடுத்து வைத்திருப்பானா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. மாசம் பிறந்தால் கம்ப்யூட்டரில் எதையோ சொருகிவிட்டு உட்கார்ந்திருப்பான், அது மட்டும் தெரியும். படுத்த பிறகு அதுவும் இல்லை.

தம்பி சம்சாரம் எழுந்து போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்து வந்தது. அவன் ஓட்டிய வண்டி. இப்போது அதில்தான் வேலைக்குப் போய் வருகிறது. கொத்தில் சாவிகளோடு தேய்ந்துபோன சிவப்பு பென்டிரைவ் ஒன்று தொங்கியது.

"இது ஆகுமா பாருங்கண்ணே. சும்மா அழகுக்குப் போட்டிருக்காருன்னு நெனச்சேன்."

கூட்டாளி சொருகினான். ஃபைல் இருந்தது. தேதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"படுக்குறதுக்கு முந்தி எடுத்ததுண்ணே. புதுசு தொடாதது. பழைய வெர்ஷன்ல தொறக்கும்."

கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கப்போனான். தம்பி சம்சாரம் அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"அதையும் அழிச்சுராதீங்கண்ணே."

அழிக்க மாட்டேன் தங்கச்சி, தனியாக வைக்கிறேன் என்றான். தம்பி சம்சாரம் பார்க்கும்படியே வேறு ஒரு இடத்தில் வைத்தான். பிறகு தம்பியின் புரோகிராமைத் திறந்தான். சிவப்பு எழுத்து வரவில்லை.

"யாருக்கு?" என்று கேட்டது.

கூட்டாளி எழுந்து எனக்கு இடம் விட்டான். நான் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால்தான் அடிப்பேன். அவன் பெயரில் எழுத்து கொஞ்சம். இருந்தும் நேரம் பிடித்தது.

வந்தது. அளவைக் குறித்துக்கொள்ளச் சீட்டைத் தேடினேன். அகப்படவில்லை. வெட்டுமேசையில் அம்மா கொண்டுவந்த துணி விரித்துக் கிடந்தது. வெள்ளை. சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாசித்தேன். நீளம் சொன்னேன். தோள் சொன்னேன். கை சொன்னேன்.

"நெஞ்சு எம்புட்டுப்பா?" என்றது அம்மா.

முப்பத்தொன்பதரை.