வீட்டுப் பக்கத்து வட்டங்கள்

தப்புக் கண்டுபிடிப்பது டைப் டீச்சருக்குக் கைவந்த கலை. தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தில் முப்பது வருடம் சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தவள். தாளைப் பார்த்ததும் எந்த விரல் சோம்பேறி என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்காரரைச் சும்மா விட்டிருப்பாளா?

வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். வாரம் முழுக்க ஊரார் பல்லையெல்லாம் மெருகேற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக் காரைத் தேய்க்க உட்காருவார். கருநீலக் கார். வீட்டை ஒட்டிய சந்தில், ஒரு பக்கம் மதில் சுவரை உரசுகிற மாதிரி நிற்கும். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. இந்தச் சனிக்கிழமை மகள் வந்து காரை எடுத்துக்கொண்டு போகிறாள். அதற்குள் மெழுகு போட்டுப் பளபளவென்று கொடுத்துவிட வேண்டுமென்று டீச்சர் பாலிஷ்காரரை வரவழைத்திருந்தாள்.

பாலிஷ்காரர் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, கையில் கொண்டுவந்த விளக்கைக் காரின் வீட்டுப் பக்கத்துக் கதவில் அடித்தார்.

"டீச்சர், இப்படியே மெழுகு போட்டா கீறல்தான் நல்லா மினுங்கும். முதல்ல பாலிஷ் போட்டாகணும்." வாசற்படியில் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். "ரெண்டுமே ஒரே தடவை போடுறதுதான். கீறலை எடுக்கும், பளபளப்பும் கொடுக்கும். மூணு தடவை தேய்ச்சா இந்தப் பழைய பெயின்ட் தாங்காது. இது கொஞ்சம் காரம், இந்த வட்டமெல்லாம் போயிடும். அது சாது, வட்டம் பாதி நிக்கும். நீங்கதான் சொல்லணும். எடுத்தா எடுத்ததுதான், திரும்ப வராது."

டீச்சர் குனிந்து பார்த்தாள். கதவு முழுக்க, வட்டத்துக்குள் வட்டமாக, மயிரிழைக் கீறல்கள்.

இந்த வட்டங்களுக்காகத்தானே அவரை வறுத்தெடுத்தாள். "கத்திக்குச் சாணை பிடிக்கிற மாதிரி சுத்திச் சுத்தித் தேய்ச்சா பெயின்ட் என்னத்துக்கு ஆகும்? அடுத்தவங்க பல்லையும் இப்படித்தான் தேய்ப்பீங்களா?" என்பாள். "சரிம்மா" என்பார் அவர். மெழுகைப் பூசிக் காயவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். டீச்சர் வெளியே வந்தால் வெள்ளை வெள்ளையாக மெழுகு நிற்கும். இந்த மனுஷருக்கு ஒரு வேலையும் முழுசாக வராது என்று முணுமுணுத்தபடி, தோளில் கிடந்த பழைய துண்டால் அழுத்தித் துடைத்துவைப்பாள்.

"சாதுவானதையே போடுங்க," என்றாள்.

"பாதி நிக்குமே டீச்சர். மகள் பாத்தா?"

"நிக்கட்டும். அது அவர் கை. அவளுக்கும் அப்பா கைதானே."

பாலிஷ்காரர் தலையாட்டிக்கொண்டார். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்ததால் காரைச் சந்திலிருந்து தெருவுக்குத் தள்ளினார். விளக்கை அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வந்து பாருங்க."

சுவர்ப் பக்கத்துக் கதவில் ஒரு வட்டம்கூட இல்லை. முன்னிருந்து பின்னாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல், சன்னமான நேர்கோடுகள் நாலைந்து மட்டும் தெரிந்தன.

"இந்தப் பக்கம் தேய்ச்சவருக்கு வேலை நல்லாத் தெரிஞ்சிருக்கு," என்றார் பாலிஷ்காரர். "இங்க யார் தேய்ப்பாங்க?"

"அவர் மட்டும்தான். அவர் ஒல்லி. நான் எங்க இந்த இடுக்குல நுழைய..."

டீச்சரின் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது.

துண்டு. வீட்டுப் பக்கம். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அந்த வட்டமெல்லாம் இவள் கை போட்டது. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வருகிறவர், அவள் துண்டும் கையுமாக நிற்பதைப் பார்ப்பார். "போதும்மா, கை வலிக்கப் போகுது" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பல்லுக்கு மெருகு போடுகிறவருக்குக் கீறல் எப்படி விழுகிறதென்று தெரியாதா? தெரிந்தும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே திட்டுக்கு அதே "சரிம்மா".

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அன்றைக்கு வீடு என்ன ஆகியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். பாலிஷ்காரர் நாகரிகமாக டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சர் காரமான பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டுப் பக்கம் இதைப் போடுங்க. ஒரு வட்டம் நிக்கக் கூடாது. சுவர்ப் பக்கம் பாலிஷே வேண்டாம்."

"அதுக்குத் தேவையும் இல்ல டீச்சர். மெழுகு போதும்."

மதியத்துக்குள் வீட்டுப் பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சுவர்ப் பக்கத்துக் கதவுக்கு மட்டும் டீச்சர் தானே மெழுகு போடுகிறேன் என்று துணியை வாங்கிக்கொண்டாள். முன்னிருந்து பின்னாக ஒரு இழுப்பு. அதன் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவதில் பழக்கதோஷம், கை மெல்ல வளையப் பார்த்தது.

டீச்சர் கையை நிறுத்தினாள்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டு, நேராக இழுத்தாள்.