விண்கலத்தில் யாரும் தட்டுவதில்லை

விண்வெளிப் படங்களில் வரும் என்ஜினியர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கப்பல் பாதி எரிந்துபோயிருக்கும். அந்த ஆளின் சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேப்டன் கேட்பார். இரண்டு மணி நேரம் என்பான். ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்பார். ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவான். நான் மலேசியாவில், போர்ட் கிள்ளானில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் மேனேஜரும் இதே கேள்வியைத்தான் கேட்பார். ஐந்து நிமிடத்தில் துருப்பிடித்த ஒரு நட்டைக்கூட நாங்கள் அசைத்ததில்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கு ஒருவன் இருந்தான். அது எண்பதுகளின் தொடக்கம். அவனும் ஃபிட்டர், வேலையில் என் ஜோடி. எனக்குக் கிள்ளானில் ஒரு வாடகை அறை; வேறு துணை இல்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் இருவரும் மத்தியானக் காட்சிக்குப் போய்விடுவோம். விண்கலம் வரும் படம் என்றால் தப்பவிட மாட்டோம்.

"டேய், கீழ விழுந்த நட்ட எவனாச்சும் தேடுறானா பாரு. நமக்கு பாதி நாள் அதுலதான் போவுது."

"ஸ்பேர் பார்ட்ஸ் எங்கேருந்துடா வருது?"

"பக்கத்து கிரகத்துல கடை இருக்கும் லா."

முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பழமொழி உண்டு. படத்துக் கேப்டன்கள் கவிழ்வதற்கு முன்பே வைத்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் நாங்கள் ஒப்புக்கொண்டோம்: வேலை செய்யாத பெட்டியை ஓங்கி ஒரு குத்து விட்டதும் விளக்கு எரிவது. அது சத்தியமான உண்மை.

அவனுக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடமும் ஒன்று உண்டு. என்ஜினியர் தன்னந்தனியாக ஒரு குழாய்க்குள் ஊர்ந்து போவான். வெளியே ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். "வெளிய ஆள் இல்லாம எவன் லா உள்ள போவான்?" என்று இருட்டில் சத்தமாகவே கேட்பான்.

எங்கள் வேலையில் அப்படி நடக்காது. பாய்லர் ஆறியதும் ஒருவன் மேலே இருக்கும் துளை வழியாக உள்ளே இறங்கி, படுத்தபடியே உப்புப் படிவத்தைச் சுரண்டுவான். மற்றவன் துளை வாயிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே பேசினால் எதிரொலியில் ஒன்றும் விளங்காது. அதனால் ஸ்பேனரால் தட்டிக்கொள்வோம். வெளியிலிருந்து ஒரு தட்டு என்றால், இருக்கியா? உள்ளேயிருந்து இரண்டு தட்டு என்றால், இருக்கேன். மூன்று தட்டு வந்தால், வெளியே வர்றேன், கை கொடு. அதற்குப் பிறகு வெளியே இருப்பவன் எதற்காகவும் நகரக் கூடாது, கையை நீட்ட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவன் உள்ளே, நான் வெளியே. புதிதாக ஒரு விண்வெளிப் படம் வந்திருந்தது. காட்சி நேரம் பார்க்கலாம் என்று, காவலாளி அறையில் இருந்த பேப்பரைத் தேடி எழுந்து போனேன். பக்கம்தானே என்று நினைத்தேன். காவலாளியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால், அவன் தலையும் ஒரு கையும் துளைக்கு வெளியே தெரிந்தன. உள்ளே பல்பு போய்விட்டது. இருட்டில் மும்மூன்றாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். யாரும் கை கொடுக்காததால் தடவித் தடவித் தானே ஏறியிருக்கிறான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"எங்கடா போன?"

"படம் எத்தன மணிக்குன்னு பாக்கப் போனேன் லா. ரெண்டே காலுக்கு."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாய்க்கொழுப்பு விடவில்லை. "ஒன்னும் ஆவலியே, ஏன்டா பெரிசு பண்ற?" என்றேன்.

திங்கட்கிழமை அவன் சூப்பர்வைசரிடம் போய் வேறு ஜோடி கேட்டான். சில மாதங்களில் பூச்சோங் பக்கம் வேறோர் ஆலைக்கு மாறிவிட்டான். எனக்கு வந்த புது ஜோடி தங்கமான மனிதர், ஆனால் சினிமாவே பார்க்காதவர். நான் தனியாகப் படத்துக்குப் போனேன். திரையில் ஏதாவது அபத்தம் நடந்தால் பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்ப்பேன்; அங்கே என் ஹெல்மெட் இருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வருடங்களில் நான் தனிமையில் வெந்துபோனேன். பூச்சோங் ஒன்றும் வேறு கிரகம் இல்லை. ஒருநாள் போய்ப் பேசியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

நான்கு வருடம் கழித்து, அதே தியேட்டர், அதே மத்தியானக் காட்சி. கூட்டமே இல்லை. படத்தில் என்ஜினியர் தனியாக ஒரு குழாய்க்குள் நுழைந்தான். மூன்று வரிசை முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வெளிய ஆள் இல்லாம எவன் லா உள்ள போவான்?"

அவனும் தனியாகத்தான் வந்திருந்தான். கூப்பிட நினைத்தேன், தைரியம் வரவில்லை. மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து இருக்கையின் இரும்புக் காலில் ஒரு தட்டு தட்டினேன். அவன் தலை நிமிர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அவன் பக்கமிருந்து இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு. நிம்மதியில் நான் சிரித்தேவிட்டேன். அதற்குள் மூன்றாவதும் விழுந்தது.

அவன் எழுந்து வெளியே போகும் கதவுக்கு நடந்தான். கதவைத் திறந்து, அதைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றான். வெயில் உள்ளே வந்து கண்ணைக் கூசச் செய்தது. போய் என்ன சொல்வது, எதில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன். கதவு சாத்திக்கொண்டது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடி, படியிறங்கி, ரோட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். அவன் போய்விட்டிருந்தான்.

மூன்று தட்டு வந்தால் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டாவது தடவையும் நான் வாசலில் இல்லை.