ராஜசேகர் குடம்

மகள் ஏதோ இணைய வினாடி வினாவில் ஜெயித்துவிட்டாள். கடைசிக் கேள்வி முடிந்த மறுநிமிடமே சான்றிதழ் போனில் வந்து விழுந்தது. பேர், இனிஷியல், வகுப்பு எல்லாம் சரியாக இருந்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். "நீ எதுலயாவது ஜெயிச்சிருக்கியாம்மா?" என்று கேட்டாள். ஒரு குடம் ஜெயித்தேன் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சங்கரன்கோவிலில் அப்போது பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் வருஷாவருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி நடத்துவார். கேள்வி அவருடையது, பரிசும் அவர் கடைப் பாத்திரம். மணிக்குப் பதிலாக ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் தருவார். முதலில் தட்டுகிறவர் பதில் சொல்லலாம். போட்டி முடிந்து வெளியே வந்தால் பஸ் ஹார்ன்கூடக் காதில் ஏறாது. புதுத் தட்டில் ஒரு எண்ணெய் வாசனை இருக்கும். இன்றைக்கும் பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் எனக்குத் தென் அமெரிக்கத் தலைநகரங்கள் வரிசையாக ஞாபகம் வருகின்றன. வேறு எதற்கும் அவை பயன்பட்டதில்லை.

முதல் பரிசு குடம். அதில் ஜெயித்தவர் பேரை வெட்டிக் கொடுப்பார்கள். எனக்கு அறிவு வளர்ச்சியில் பெரிய நாட்டமெல்லாம் கிடையாது. அந்தப் பேர்தான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு அண்டாவில் தாத்தா பேர், சொம்பில் அப்பா பேர், அண்ணன் சாப்பிடும் தட்டில் அண்ணன் பேர். என் தட்டில் யாரோ ஒரு தம்பதியின் அன்பளிப்பு என்று இருந்தது. அம்மாவிடம் கேட்டால், "கட்டிக்கிட்டுப் போறவளுக்கு எதுக்குட்டி?" என்பாள். நான் தினமும் அந்தத் தம்பதியை முறைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

எட்டாம் வகுப்பில் போட்டியில் இறங்கினேன். இறுதிச் சுற்றில் எதிரே ராஜசேகர் என்ற பத்தாம் வகுப்புப் பையன். மூன்று வருஷமாகக் குடம் வாங்குகிறவன். அவன் வீட்டில் தண்ணீருக்குக் கவலையே இருந்திருக்காது. இருவரும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி: தேனீக்கு எத்தனை கால்? அவன் முதலில் தட்டி, எட்டு என்றான். நான் ஆறு என்றேன். மண்டபம் முழுக்கக் கைதட்டல். அண்ணாச்சி முகம் மட்டும் சரியில்லை.

மேடையில் குடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே அழகாக "ராஜசேகர், முதல் பரிசு" என்று வெட்டியிருந்தது. எப்படியும் அவன்தானே என்று முந்தின நாளே வெட்டி வைத்துவிட்டார்கள்.

"ஏட்டி, நீ ஜெயிப்பேன்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லிருந்தா உன் பேரையே வெட்டிருப்பம்லா" என்றார் அண்ணாச்சி.

"என் பேருதான அண்ணாச்சி இருக்கு, எனக்கே குடுத்திருங்க" என்றான் ராஜசேகர். அண்ணாச்சி அதையும் கொஞ்சம் யோசித்தார் என்பதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கடைசியில், "திங்கக்கெழம கடைக்குக் கொண்டா மக்கா, பக்கத்துலயே உன் பேரையும் வெட்டித் தாரேன்" என்றார்.

திங்கட்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அம்மா குடத்தை நிரப்பி மூடி வைத்திருந்தாள். கேட்டேன். "இந்தத் தண்ணிய எதுல ஊத்தச் சொல்லுத?" என்றாள். மறு வாரமும் அதையே கேட்டாள். அந்தக் குடம் எங்கள் வீட்டில் காலியாக இருந்த நாளே கிடையாது. வந்த உறவினர்களெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டு, ராஜசேகர் யார் என்று விசாரித்தார்கள்.

அந்தப் பாத்திரக்கடை இப்போது செல்போன் கடை. மண்டபத்தை இடித்துவிட்டார்கள்.

மகள் குடத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அதையா? தண்ணி கேன் வந்த பொறவு காலியாத்தான கெடந்துச்சு. போன வருசமே பழைய பாத்திரத்தோட போட்டு ரெண்டு நான்ஸ்டிக் சட்டி வாங்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாம்மா" என்றேன்.

அம்மாவுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"உன் பேரு இருந்தா கேட்டிருக்க மாட்டேனா? அதுல யாரோ பையன் பேருல்லா இருந்துச்சு."